கேட்டுக்கு வெளியே போகும் மணி நேரம்: ஊழியரின் நாள் முதலாளிக்கு ஏன் தெரிவதில்லை?

2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் தன் ஊழியர்களிடம் பேசிய வீடியோ ஒன்று வெளியே வந்தது. வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்கிற மாதிரி பேசியிருந்தார். அதற்கு முன்பு 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். இரண்டு முறையும் நாடு முழுக்கப் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஆனால் அந்த வாக்குவாதம் பெரும்பாலும் லேப்டாப் வைத்து வேலை பார்ப்பவர்களைச் சுற்றியே நின்றுவிட்டது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் பஸ் ஏறுகிறவர்களை யாரும் அதில் சேர்த்துப் பேசவில்லை. எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இந்தப் பேச்சை வைத்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும்.

மாரண்டஹள்ளி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். இது ஒரு குறிப்பிட்ட ஆளின் கதை இல்லை, அந்தப் பக்கம் பல வீடுகளில் நடப்பதை வைத்துப் போட்ட கணக்கு. ஃபர்ஸ்ட் ஷிப்ட் காலை 6 மணிக்கு. கம்பெனி பஸ் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போவதால் இவள் நிறுத்தத்துக்கு 4.15க்கே வந்துவிடும், அதனால் வீட்டை விட்டு 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். 2 மணிக்கு ஷிப்ட் முடிந்து, செக்கிங் முடிந்து, பஸ் நிரம்பி, திரும்ப ஊர் ஊராக இறக்கிவிட்டு வீட்டுக்கு வர மாலை 4 மணி. கம்பெனியின் கணக்கில் இவள் வேலை செய்தது 8 மணி நேரம். இவள் கணக்கில் போனது 12 மணி நேரம். வாரம் 6 நாளுக்கு 72 மணி நேரம். நாராயண மூர்த்தி கேட்ட 70ஐ இவள் எப்போதோ தாண்டிவிட்டாள், அதில் 24 மணி நேரத்துக்குச் சம்பளமே கிடையாது.

அப்புறம் வீட்டு வேலை இருக்கிறது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சமையல், துணி, பாத்திரம் போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் ஒரு பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவழிக்கிறாள், ஆண் 88 நிமிடம். கிட்டத்தட்ட 5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 12ம் 5ம் 17. மிச்சம் இருக்கும் 7 மணி நேரத்தில்தான் தூக்கம், குளியல், சாப்பாடு, பிள்ளை நோட்டைப் புரட்டிப் பார்ப்பது எல்லாமே. இப்போது 90 மணி நேரத்தைப் போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து 7 நாளுக்குப் பிரித்தாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13 மணி நேரம் வருகிறது. போக வர, காத்திருக்க 4, வீட்டு வேலை 5. மொத்தம் 22. தூங்க 2 மணி நேரம். இதைத்தான் அந்த மேடையில் கேட்டார்கள், கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டார்கள்.

தெரியாமலே என்று சொல்வது அவர்களைத் தப்பிக்கவிட இல்லை. பெரிய முதலாளிகள் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் அதில் எதுவும் விளங்காது. அந்த ஆளுக்குப் பதில் நல்ல மனசுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் அவருக்கும் இது தெரியாமல் போகும்படிதான் ஏற்பாடே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. முதலாளியின் கடிகாரம் கேட்டில் பஞ்ச் அடிக்கும்போது ஓடத் தொடங்குகிறது, ஊழியரின் கடிகாரம் வீட்டு வாசலில் ஓடத் தொடங்குகிறது. இடையில் உள்ள நேரமும், அந்த நேரத்தில் செலவாகும் காசும் உடம்பும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

இந்தத் தூரம் எங்கள் பக்கம் எப்படி உருவானது என்று கொஞ்சம் பார்க்கலாம். 1971இல் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகையும் பெங்களூர் பக்கம் என்ற வசதியும் சேர்ந்து ஓசூரைத் தொழில் நகரமாக்கின. 1980இல் அசோக் லேலண்ட் வந்தது, அதே காலத்தில் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து ஓடத் தொடங்கியது, 1980களின் பிற்பாதியில் டைட்டன் கடிகாரம். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டமே இல்லை, 2004 பிப்ரவரியில்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். இது தொழிலுக்கு நல்லது, ஆனால் இதனாலேயே அதிகாரிகளில் பலர் எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருந்து காலையில் காரில் வந்து சாயங்காலம் திரும்பிப் போவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் வடக்கிலிருந்து வருகிறார்கள், தொழிலாளர்கள் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும், அதாவது ராயக்கோட்டை, பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கமிருந்து வருகிறார்கள். இருவரும் ஒரே ரோட்டில்கூடச் சந்திப்பதில்லை.

டைட்டனின் ஆரம்ப காலத்தை மட்டும் இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. முதல் நிர்வாக இயக்குநர் ஜெர்க்சஸ் தேசாய் காலத்தில், சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த 17, 18 வயதுப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தார்கள். முதல் முறையாக வீட்டை விட்டு வரும் பிள்ளைகள் என்று யோசித்து, தங்க இடமும் பெற்றோர் ஸ்தானத்தில் பார்த்துக்கொள்ள ஆட்களும் ஏற்பாடு செய்தார்கள். பிறகு மத்திகிரியில் ஊழியர்களுக்கென்று ஒரு குடியிருப்பு, சார்லஸ் கொரியா வடிவமைத்தது. வேலைக்கு வருபவர் சாயங்காலம் எங்கே போவார், என்ன சாப்பிடுவார், யாரிடம் அழுவார் என்பதும் தொழிற்சாலைத் திட்டத்தில் ஒரு பகுதி என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த பல இடங்களில் அந்த யோசனையை அப்படியே ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஏஜென்சி, கான்ட்ராக்ட் என்பதுதான் தெரியாமல் இருப்பதற்கான பெரிய இயந்திரம். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நாலு பேரில் ஒருவர் பெர்மனன்ட், ஒருவர் கான்ட்ராக்ட், ஒருவர் அப்ரண்டிஸ், ஒருவர் ட்ரெய்னி என்று இருக்கலாம். சம்பளம் வேறு, லீவு வேறு, சில இடங்களில் அடையாள அட்டையின் கயிற்று நிறம்கூட வேறு. கான்ட்ராக்ட் ஆளின் ஹாஸ்டலை ஒருவர் நடத்துகிறார், சாப்பாட்டை இன்னொருவர் சப்ளை செய்கிறார், பஸ்ஸை மூன்றாமவர் ஓட்டுகிறார். கம்பெனிக்கு மாதம் ஒரு பில் போகும். அந்த பில்லில் பருப்பில் புழு இருந்ததா, 6 பேர் தூங்கும் அறையில் 15 பேர் படுத்தார்களா என்று எழுதியிருக்காது.

இது எங்கே போய் முடியும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் ஆப்பிளுக்கு ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு விஷமாகி 150க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள், சென்னை-பெங்களூர் சாலையில் மறியல் நடந்தது, ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. அதற்குப் பிறகுதான் ஆப்பிள் நிறுவனம், விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஒத்துக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2020 டிசம்பரில், கிருஷ்ணகிரிக்கு எல்லை தாண்டினால் வரும் கோலார் மாவட்டத்து நரசாபுராவில் விஸ்ட்ரான் ஆலையை சம்பளப் பிரச்சினையில் தொழிலாளர்கள் அடித்து நொறுக்கினார்கள். பிறகு அந்த நிறுவனமே, சிலருக்குச் சரியான சம்பளம் சரியான நேரத்தில் போகவில்லை என்று ஒப்புக்கொண்டு, இந்தியப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த துணைத் தலைவரை நீக்கியது. கண்ணாடி உடைந்தது தப்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பல நாளாகத் தொழிலாளர்கள் வாயால் சொன்னது எந்த மாடியிலும் கேட்கவில்லை, கண்ணாடி உடைந்த சத்தம் வெளிநாட்டுத் தலைமையகம் வரை கேட்டது என்றால், நடுவில் இருந்த அத்தனை அடுக்கும் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த அடுக்குகள் என்ன செய்கின்றன என்பதற்குச் சின்ன உதாரணம் சொல்கிறேன்.

"ஏம்மா, நேத்து ஏன் வரல?"

"அம்மாவுக்கு மூச்சு வாங்குச்சு சார், தர்மபுரி ஜிஹெச்ல சேர்த்திருக்கு, கூட இருக்க ஆளில்ல."

"போன் பண்ணியாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"போன வெளிய லாக்கர்லயே வெக்கச் சொல்லிப் பழகி, அவசரத்துல யார் நம்பரும் ஞாபகம் வரல சார்."

சூப்பர்வைசருக்கு இவ்வளவும் தெரியும். அவரும் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார். ஆனால் அவர் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இது 'சொந்தக் காரணம்' என்று ஆகிவிடும். ஷிப்ட் இன்சார்ஜிடம் போகும்போது லைனில் 3 பேர் குறைவு என்று ஆகும். மாதக் கூட்டத்தில் ஆப்சென்ட் இவ்வளவு சதவீதம் என்று ஒரு எண்ணாக நிற்கும். தலைமை அலுவலகத்தில் அந்த எண் ஆடி மாதம் ஏறுகிறது, தை மாதம் ஏறுகிறது என்பதைப் பார்த்துவிட்டு, இந்தப் பகுதி ஆட்களுக்கு ஒழுங்கு பத்தாது என்ற முடிவுக்கு வருவார்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவதும், தை மாதம் எருது விடுவதும், ஊரில் பாரதக் கூத்து நடந்தால் துரியோதனன் விழும் படுகளத்தன்று வீட்டில் இருப்பதும் இங்கே வாழ்க்கையின் நடு இடத்தில் இருக்கும் விஷயங்கள் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. அந்த நாட்களை முன்கூட்டியே காலண்டரில் குறித்து ஷிப்ட் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒரு நாள் லீவின் விலையும் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. பேச்சுக்கு மாதச் சம்பளம் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15,000 ரூபாய் வரம்பில் 12 சதவீதம் பிஎஃப் பிடித்தால் 1,800, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 120. கையில் 14,080. இதற்கு மேல் லீவே போடாதவருக்கு அட்டெண்டன்ஸ் போனஸ் என்று 1,000 ரூபாய் தருகிறார்கள் என்று வையுங்கள். 26 நாள் கணக்கில் ஒரு நாள் சம்பளம் 615 ரூபாய். சம்பளத்தோடு விடுப்பு இல்லாத ஒருவர் ஒரு நாள் வராமல் போனால் 615ம் போகும், 1,000மும் போகும். அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நாளைக்கு இரண்டரை நாள் சம்பளத்துக்கு மேல் அபராதம். மேலே இருப்பவருக்கு அட்டெண்டன்ஸ் போனஸ் என்பது ஊக்கத்தொகை, கீழே இருப்பவருக்கு அது வாடகைப் பணத்தின் ஒரு பகுதி.

சரி, முதலாளிக்கும் ஊழியருக்கும் உள்ள தூரத்தை அளக்கச் சட்டத்தில் வழியே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 197ஆவது பிரிவுப்படி, பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் ஒவ்வொரு இயக்குநரின் சம்பளமும் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று வெளியிட வேண்டும். எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் சம்பளம்தான் இடைநிலை. 90 மணி நேரம் கேட்டவரின் 2023-24 சம்பளம் சுமார் 51 கோடி ரூபாய், அது அந்த நிறுவனத்தின் இடைநிலைச் சம்பளத்தைப் போல 534 மடங்கு. இந்த எண்ணே பெரிதாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்கள் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டும்தான். சைட்டில் கம்பி கட்டுகிற, சென்ட்ரிங் அடிக்கிற கான்ட்ராக்ட் ஆட்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் ஆள் வேறு ஒருவராகிவிடுவார்.

அந்தக் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியும் அவரே பேசினார். 2025 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ஒரு தொழில் மாநாட்டில், நூறு நாள் வேலை, வங்கிக் கணக்கில் நேரடியாக வரும் அரசுப் பணம் போன்ற திட்டங்களால் தொழிலாளர்கள் ஊரை விட்டு வேலைக்கு வரத் தயங்குகிறார்கள் என்றார். இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கம் போய்ப் பாருங்கள். பெங்களூர் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ கேரளாவுக்கோ ஆள் போகாத தெரு அபூர்வம். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருடக்கணக்கில் சைட்டில் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். அவர் பேசிய அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். அப்போது குடும்பத்துக்கே வருடம் 100 நாள்தான் உறுதி, அது முழுசாகக் கிடைத்தாலும் 31,900 ரூபாய். இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வருடம் முழுக்க வீட்டில் சும்மா உட்காரும் என்று ஒருவர் நம்ப வேண்டுமானால், அந்தப் பணத்தில் அரிசி, எண்ணெய், பள்ளிச் செலவு என்று ஒரு மாதத்தை ஓட்டிப் பார்த்ததே இல்லை என்றுதான் அர்த்தம். ஆள் வராததற்கு எத்தனையோ காரணம் உண்டு. மூன்று மாதம் வேலை பார்த்துக் கடைசி மாதச் சம்பளத்தை மேஸ்திரியிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்த அனுபவம் அதில் ஒன்று. அது மாநாட்டில் பேசப்படுவதில்லை.

அப்படியானால் முதலாளி அதே ஊரில் குடியிருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை, கிரானைட் குவாரி, செங்கல் சூளை என்று உள்ளூர் முதலாளிகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொழிலாளியின் தாத்தா பெயர் வரை தெரியும். எந்த வீட்டில் கல்யாணம், யாருக்கு ஆபரேஷன் என்பதும் தெரியும், நல்லது கெட்டதுக்கு முன்னால் வந்து நிற்கும் நல்லவர்களும் உண்டு. ஆனால் அதே தகவலை வைத்து, கஷ்ட நேரத்தில் அட்வான்ஸ் கொடுத்து, அந்த அட்வான்ஸ் கழியும் வரை ஆளை நகரவிடாமல் பிடித்து வைப்பவர்களும் உண்டு. அவர்களுக்குத் தொழிலாளியின் வாழ்க்கை நன்றாகவே தெரியும், அவர்கள் கூலியை நிர்ணயிப்பதே அந்தத் தெரிவை வைத்துத்தான். ஆக, முதலாளிக்குத் தெரிந்தால் மட்டும் பத்தாது. தெரிந்ததைச் சொன்னவரின் வேலை போகாமல் இருக்க வேண்டும், சொன்னதைக் கேட்டே ஆக வேண்டிய நிலையில் முதலாளி இருக்க வேண்டும்.

நம் பழைய சட்டங்களை எழுதியவர்களுக்கு இது புரிந்திருந்தது. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம், 100 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் நிர்வாகத்தின் ஆட்களும், அவர்களைவிட எண்ணிக்கையில் குறையாத தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்து உட்காரும் குழு அமைக்க இடம் கொடுத்தது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்றது, ஓவர்டைம் சேர்த்தாலும் பொதுவாக வாரம் 60ஐத் தாண்டக்கூடாது என்றது. 70ம் 90ம் கேட்டவர்கள் 1948இல் போட்ட கோட்டைத் தாண்டித்தான் கேட்டார்கள். 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் என்று அந்தச் சட்டத்தில் இருந்தவை எல்லாம், கேட்டுக்கு வெளியே உள்ள வாழ்க்கையைக் கொஞ்சமாவது கணக்கில் எடுத்ததன் விளைவுதான்.

தொழிலாளர்களுக்குக் குரல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய சாட்சியும் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்தில் 4 நாள் வேலை, 3 நாள் லீவு என்று கேட்க அழகாகவே இருந்தது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் உடனே எதிர்த்தன. 8 மணி நேரத்துக்கே வீட்டிலிருந்து 12 மணி நேரம் போகிறது என்றால் 12 மணி நேரத்துக்கு 16 போகும், அந்த 4 நாளும் பிள்ளை முகத்தையே பார்க்க முடியாது. மசோதாவை எழுதிய மேசையில் இந்தக் கணக்கைப் போட்ட மாதிரி தெரியவில்லை. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்திவைக்கப்பட்டது, மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக 100 வருடம். பத்து நாளில் ஒரு மசோதா திரும்பியது. அந்தப் பத்து நாளில் மேலே இருந்தவர்கள் கற்றுக்கொண்டதை எத்தனை ஆண்டறிக்கை படித்தாலும் கற்றிருக்க முடியாது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த மாதிரி சங்கம் பெரும்பாலும் இல்லை, அடுத்த மாதம் பெயர் லிஸ்டில் இருக்குமா என்பதே தெரியாதவர் கையைத் தூக்கிப் பேச மாட்டார், இன்றைக்கு நம் மாவட்டங்களின் பெரிய ஓட்டை இதுதான்.

செய்யக்கூடியது ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2022-23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், நிரந்தரமில்லாதவர் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி ஒவ்வொரு வருடமும் அறிக்கை வெளியிட வேண்டும். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் பெரிய பெயர்கள் பலவும் அதில் வருகின்றன, அவர்களுடைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நிரந்தரமில்லாதவர்களின் எண்ணிக்கை உள்ள அந்த வரியை முதலில் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம் என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. அதைச் சேர்க்கப் புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் பிரிவிலும் பஸ் ரூட் ஷீட் இருக்கிறது. முதல் ஆள் எந்த ஊரில் எத்தனை மணிக்கு ஏறுகிறார், கடைசி ஆள் எத்தனை மணிக்கு இறங்குகிறார் என்று அதில் எழுதியே இருக்கும். அடுத்த முறை வேலை நேரத்தைப் பற்றி மேடையில் பேசப் போகிறவர் அதற்கு முன்னால் அந்த ஒரு தாளை வரவழைத்துப் படிக்கட்டும், முடிந்தால் அஞ்செட்டி பஸ்ஸில் ஒரு வாரம் முதல் நிறுத்தத்தில் ஏறி வரட்டும்.